செம்பேறிய சங்கிலி

சங்கிலியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருந்தால் போதும்.

காளிமுத்துவுக்கு அதுதான் தொழிலே. ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்த செம்புமலை தேயிலை எஸ்டேட்டில், மேட்டுக் காட்டிலிருந்து கொழுந்து மூட்டைகளை இறக்குகிற கம்பி லைன் அவன் பொறுப்பு. காலையில் முதல் மூட்டை ஏறுவதற்கு முன்னால் கொக்கி, வளையம், சங்கிலி எல்லாவற்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுப்பான். நல்ல இரும்பு கிண்ணென்று பதில் சொல்லும். உள்ளே செத்த இரும்பு விரிசல் விட்ட சட்டிமாதிரி முனகும். முனகியதைக் கழற்றிக் கடாசிவிடுவான். கொழுந்து மூட்டைக்கே அத்தனை பார்த்தவன், ஒரு மனிதரைத் தொங்கவிட்ட சங்கிலியைத் தட்டவில்லை.

காரணம் ஒரு கல்யாணம்.

ஒரே மகள் அம்சவல்லிக்கு மலையடிவாரத் தாப்பா ஊரில் மாப்பிள்ளை அமைந்து, 1980 தைக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. அவர்கள் வழக்கத்தில் பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டியவர் தாய்மாமன். அம்சவல்லியின் தாய்மாமன் செல்லையா தூர தேசத்தில் இல்லை, அடுத்த லயத்து வரிசை வீட்டில்தான் இருந்தார். ஆனால் ஆறு வருஷமாகத் தங்கை நவமணியின் வாசலை மிதிக்கவில்லை. காளிமுத்து எதிரே வந்தால் தேயிலைக்குள் இறங்கி வேறு வழியாகப் போவார்.

நடந்தது இதுதான். செல்லையாவின் தாயார் இறந்த அன்று காளிமுத்து மனைவி நவமணியோடு கோலா தெர்லா ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தான். தகவல் தெரிந்து கிளம்பினால், மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டுக் கிடந்தது. வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. நவமணி பெற்றவளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"காய்கறி லோரி வந்துச்சே. மாப்ளைக்கு மட்டும் ரோடு இல்லாம போயிருச்சா?" என்று செல்லையா சபையில் கேட்டார்.

லாரி சரிவுக்கு முன்னாலேயே தாண்டி வந்திருந்தது. அதைக் காளிமுத்து சொன்னான். அன்றைக்கு அது யார் காதிலும் ஏறவில்லை.

செல்லையாதான் சுரங்க வாயில் பச்சையம்மனுக்குப் பூசாரி. அந்தச் சுரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மலையின் மேல்பாதி கருங்கல். கீழ்ப்பாதி ஏடு ஏடாக உரிகிற பழைய பாறை. மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ யுகம் முன்னால் கருங்கல் குழம்பாக மேலெழும்பி வந்து பழைய பாறையை முட்டியது. இரண்டும் சேருகிற விரிசலில் கொதிநீர் ஏறி, ஆறி, போகிற வழியெல்லாம் செம்பைப் படிய விட்டுவிட்டுப் போனது. கையகலத்துக்கு, பித்தளைபோல மின்னுகிற ஒரு வரி. தேயிலை வருவதற்கு முன்பே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அந்த வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு மலைக்குள் நுழைந்தது. சீனர்கள் பாறை உடைத்தார்கள். தமிழர்கள் கல் சுமந்தார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த வரி ஓரிடத்தில் கத்தியால் அறுத்ததுபோல நின்றுவிட்டது. மலை அந்த இடத்தில் எப்போதோ உடைந்து வழுக்கியிருந்தது. அறுந்த மறுபாதி மேலே போயிருக்குமா, கீழேயா? கீழே என்று யூகித்து, சுரங்கத்துக்குள்ளேயே ஒரு குழி இறக்கினார்கள். குழி இறங்க இறங்க, உலகச் சந்தையில் செம்பின் விலையும் கூடவே இறங்கியது. கம்பெனி மூட்டை கட்டிவிட்டது. குழியில் தண்ணீர் ஏறிவிட்டது. அதில் தொங்கிய இரும்புச் சங்கிலியை அவிழ்க்கக்கூட யாரும் நிற்கவில்லை.

பிறகு தேயிலை வந்தது. சுரங்க வாயில் நீலமும் பச்சையுமாகக் கசிந்த தண்ணீரில் யாரோ ஒருவன் கிளை கழிக்கிற கவ்வாத்துக் கத்தியைப் போட்டு வைத்தான். எடுத்தால் கத்தி செக்கச்செவேலென்று இருந்தது. இரும்பு குங்குமம் பூசிக்கொண்டதைக் கண்டவர்கள் அங்கே ஒரு கல்லை நட்டுப் பச்சையம்மன் என்று கும்பிட்டார்கள். அன்று தொட்டு, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற பருவத்துக்கு முன்னால் எல்லாக் கத்திகளும் அந்தத் தண்ணீரில் நனைந்து சிவந்துதான் காட்டுக்குப் போகும். அம்மன் சிவப்பேற்றிய இரும்பை அடிக்கக்கூடாது, சுரண்டக்கூடாது. இது கட்டுப்பாடு.

செம்பின் விலை மறுபடி ஏறியது. ஈப்போவிலிருந்து பழனியப்பன் வந்தான். கம்பெனி அனுப்பிய கல் ஆராய்ச்சிக்காரன், முப்பது வயது, தலையில் எந்நேரமும் மஞ்சள் தொப்பி. எஸ்டேட் துரை அனுமதி கொடுத்துவிட்டார். ஆட்கள்தான் நகரவில்லை. பூசாரி சொல்லாமல் உள்ளே கால் வைக்கமாட்டோம் என்று நின்றார்கள்.

"அண்ணே, நான் அம்மனைத் தொடப்போறது இல்ல," என்றான் பழனியப்பன் காளிமுத்துவிடம். "அந்தக் குழிய வத்த வச்சு, அடியில வரி திரும்ப இருக்கா இல்லையான்னு பாக்கணும், அவ்வளவுதான். இருந்துச்சுன்னா சுரங்கம் திறக்கும். நம்ம பயலுகளுக்கே வேலை. நீங்க உங்க மச்சான்கிட்ட பேசுங்க லா."

"நான் பேசினா, இருக்கிற குழியையும் மண்ணப் போட்டு மூடிருவாரு, சார்."

"பின்ன யாரு பேசுறது? நானா? தொப்பியக் கழட்டிட்டு வான்னு அனுப்பிட்டாரு, ஏற்கெனவே."

காளிமுத்து போனான். ஆறு வருஷத்துக்குப் பிறகு மச்சான் வீட்டு வாசலில் நின்றான். செல்லையா பல் குச்சியைத் துப்பிவிட்டு, அவனைப் பார்க்காமல் தூரத்துத் தேயிலையைப் பார்த்துப் பேசினார்.

"மெஷின் வச்சு எறைக்கப் போறாங்களா?"

"ஆமா மச்சான்."

"எறைக்கட்டும். அவளுக்குத் தண்ணிக்கா பஞ்சம்? ஆனா அடி மண்ணுல மொதக் கால் என் கால்தான். கற்பூரம் ஏத்திட்டு ஏறிருவேன். அப்புறம் எவனும் எறங்கட்டும்."

"சரி மச்சான்."

"அம்மன் சங்கிலியிலதான் எறங்குவேன்."

காளிமுத்து தயங்கினான். "அந்த சார் புதுக் கயிறு கொண்டாந்திருக்காரு. தடிக் கயிறு."

"அம்பது வருசமா அவ மடியில கெடந்த சங்கிலி. இரும்பா இருந்தது இப்ப செம்பாயிருச்சு. அதவிட ஒங்க ஈப்போ கயிறு ஒசத்தியா?"

"ஒருவாட்டி தட்டிப் பாத்துட்டுன்னா..."

"சுத்தியல் பட்டா நான் எறங்க மாட்டேன். ஒங்க சாரும் எறங்க மாட்டான்." அப்போதுதான் செல்லையா திரும்பினார். கொஞ்ச நேரம் காளிமுத்துவின் முகத்தையே பார்த்தார். பிறகு குரல் வேறு மாதிரி வந்தது. "முகூர்த்தம் காலையிலயா, சாயங்காலமா?"

இந்தக் கேள்விக்காக நவமணி எத்தனை கோயிலில் வேண்டிக்கொண்டாள் என்று காளிமுத்துவுக்குத்தான் தெரியும்.

"காலையில மச்சான். தாப்பா மாரியம்மன் கோயில்ல."

"பிள்ள மெலிஞ்சு போயிருக்கா. நேத்து தண்ணி எடுக்கப் போறப்ப பாத்தேன். மாமன்னு ஒரு தடவ திரும்பிப் பாத்துச்சு." செல்லையா துண்டை உதறித் தோளில் போட்டார். "சங்கிலிய நீயே மாட்டு. மத்தவன் கை படவேணாம்."

அந்த நேரத்தில் சுத்தியலைப் பற்றி மறுபடி பேச எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்?

வீட்டுக்கு வந்து சொன்னான். நவமணி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்ல, புகை," என்றாள். அடுப்பில் அன்று புகையே இல்லை.

இயந்திரம் தண்ணீரை இறைத்துத் தள்ளியது. தண்ணீர் வடிய வடியச் சங்கிலி வெளிப்பட்டது. மேலே இருந்த பகுதி கறுத்த இரும்பு. தண்ணீரில் ஊறிக் கிடந்த பகுதி முழுக்க, புதுச் செப்புக்குடம்போலச் சிவந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பழைய சங்கிலியைக் கழற்றிப் கைப்பிடி வைத்த புது ராட்டினத்தில் மாட்டும்போது காளிமுத்துவுக்கு ஒன்று உறுத்தியது. கனம் போதவில்லை. இந்தப் பருமனுக்கு இன்னும் கொஞ்சம் கனக்கவேண்டும் என்று கை சொன்னது. கை சொன்னதைக் கேட்டே வாழ்ந்தவன், அன்று கல்யாணம் சொன்னதைக் கேட்டான்.

பழனியப்பன் ரிங்லெட்டுக்கு டீசல் வாங்கப் போகும்போது, "எவன் எறங்கினாலும் புதுக் கயிறு, அண்ணே. நான் வர்ற வரைக்கும் யாரும் வேணாம்," என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவன் ஜீப் வளைவு திரும்பியதும் செல்லையா குளித்து, ஈரவேட்டியோடு, கையில் கற்பூரத் தட்டோடு வந்து நின்றார். வெளியாள் வருவதற்குள் முடித்துவிடவேண்டும் என்பது அவர் கணக்கு.

ராட்டினத்தின் ஒரு கைப்பிடியில் காளிமுத்து. மறு கைப்பிடியில் தங்கையா, கம்பி லைனில் அவனோடு வேலை செய்பவன்.

"பூசாரி, போன மாசம் ஒங்க வீட்டுல ஆடு வெட்டுனீங்க, எனக்கு ஒரு துண்டு வரல. பாத்து எறங்குங்க, கைப்பிடி என்கிட்டதான் இருக்கு," என்றான் தங்கையா.

செல்லையா சிரித்தார். "மேல வந்து எலும்பு தர்றேன்டா."

"மச்சான்," என்றான் காளிமுத்து. புதுக் கயிற்றின் நுனியைக் கையில் வைத்திருந்தான். "சங்கிலியிலயே எறங்குங்க. இத மட்டும் இடுப்புல சும்மா ஒரு சுத்து."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"அவ மேல சந்தேகமா, என் மேலயா?"

காளிமுத்து கயிற்றைக் கீழே போட்டான். செல்லையா சங்கிலியில் கோத்த பலகையில் உட்கார்ந்தார். காலைக் குழிக்குள் விட்டார். "மெதுவா விடு மாப்ள," என்றார். ஆறு வருஷத்தில் முதல் மாப்ள அது.

ராட்டினம் சுற்றியது. செல்லையாவின் தலை கீழே போனது. கற்பூரத் தட்டு பளபளத்தது. பாதிக் குழி போயிருப்பார். சத்தமே பெரிதாக வரவில்லை. காய்ந்த சுள்ளி ஒடிந்தமாதிரி ஒரு சின்ன ஓசை. கைப்பிடி திடீரென்று இலேசாகி, இருவரும் பின்னால் சாய்ந்தார்கள்.

அடியிலிருந்து தட்டு உருளும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. புதுக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு காளிமுத்து இறங்கினான். செல்லையா சேற்றில் ஒரு பக்கமாகக் கிடந்தார். உயிர் இருந்தது. கண்ணும் திறந்திருந்தது. "கற்பூரம் நனைஞ்சிருச்சு," என்று மட்டும் சொன்னார். பலகையோடு கட்டி மேலே ஏற்றினார்கள். பழனியப்பன் அப்போதுதான் வந்து சேர்ந்தான். ஜீப்பின் பின்னால் அவரைக் கிடத்தி, அத்தனை வளைவும் இறங்கித் தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, முதுகெலும்பு போய்விட்டது, இனி நடக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

அடுத்த நாள் பழனியப்பன் அறுந்த வளையத்தைக் கொண்டுவந்து காளிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தான். வெளியே சிவப்பு. நடுவில், பென்சிலுக்குள் இருக்கிற கரிபோல ஓர் இரும்பு நூல். மற்றதெல்லாம் விரலால் நசுக்கினாலே உதிர்ந்தது.

"இரும்பு செம்பா மாறல, அண்ணே. தண்ணியில கரைஞ்சிருக்கிற செம்பு இரும்பு மேல ஒட்டும். ஒட்டுற அளவுக்கு இரும்பு கரைஞ்சு போயிரும். கத்திய ஒரு நாள் நனைச்சா மேல்தோல்தான் போகும், ஒண்ணுமில்ல. இது அம்பது வருஷம் கெடந்திருக்கு. வெறும் தோல்தான் மிச்சம்."

காளிமுத்து வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமா, சார்?"

பழனியப்பன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான். "தெரிஞ்சிருக்கும்," என்றான்.

அவனும் ஒரு தடவை குழிக்குள் இறங்கிப் பார்த்தான். அடியில் செம்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெறும் வெள்ளைக்கல். மலை வழுக்கியபோது மறுபாதி வரி மேல்பக்கமாகப் போய், மழையில் அரிக்கப்பட்டு, என்றைக்கோ ஆற்றோடு போயிருக்க வேண்டும் என்றான். பழைய கம்பெனிக்காரன் தப்பான திசையில் தோண்டியிருக்கிறான். பழனியப்பன் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விட்டான். குழியில் மறுபடி தண்ணீர் ஏறியது.

கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். நவமணியும் காளிமுத்துவும் பஸ் ஏறித் தாப்பாவுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நவமணி அவனை நிறுத்தினாள்.

"போன தடவ வந்தப்பவே அண்ணன் கல்யாணத்துக்கு வர்றேன்னுட்டாரு. நாற்காலியில தூக்கிட்டுப் போங்கடான்னு அவரே சொன்னாரு. சங்கிலி, தோலு, கீலுன்னு நீங்க எதையும் கெளறாதீங்க."

"நான் ஏன் கெளறப் போறேன்?"

"ஒங்க மூஞ்சிய எனக்குத் தெரியாதா? நீங்க முன்னால போங்க. நான் நர்ஸப் பாத்துட்டு வர்றேன்."

செல்லையா பாதியாகியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் சோற்றுத் தட்டு தொடப்படாமல் இருந்தது. அதற்கு முந்தைய வேளைக் கஞ்சியும் ஆடை கட்டி அப்படியே இருந்தது.

"ஒக்காரு மாப்ள."

"ஏன் மச்சான் சாப்புடல?"

"எப்புடிச் சாப்புடுறது? ஆறு வருசம் மனசுக்குள்ள ஒன்மேல கரிய வச்சிக்கிட்டு, வெளிய அவளுக்குக் கற்பூரம் காட்டுனேன். அவ பாத்துக்கிட்டேதானே இருந்திருக்கா? சுத்தமில்லாதவன் மடியில காலு வைக்க வந்தான், ஒதறிட்டா." செல்லையாவின் கண்ணோரம் நனைந்தது. "கோவம் எனக்குத் தணிஞ்சிருச்சு, மாப்ள. கல்யாணத்துக்கு வந்துர்றேன். அதுக்கப்புறம் ஒரு வாய்ச் சோறுக்கும் எனக்கு அருகதை இல்ல. பெத்த தாய் மாதிரி வச்சிருந்தவள நானே அசிங்கம் பண்ணிட்டேன்."

காளிமுத்து தொடாத சோற்றைப் பார்த்தான். எழுந்து போய்விடலாம். ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் தாய்மாமன் வருவார், பெண்ணைக் கைபிடித்துக் கூட்டி வருவார், நவமணி ஊர் கூடிய சபையில் தலை நிமிர்ந்து நிற்பாள். எல்லாம் நடக்கும். கட்டிலில் இந்த மனிதர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருப்பார்.

"அவ ஒதறல, மச்சான்," என்றான்.

எல்லாவற்றையும் சொன்னான். தண்ணீர் இரும்பைத் தின்ற கதை. கைக்குக் கனம் குறைந்தது தெரிந்தது. தட்டாமல் விட்டது. ஏன் விட்டான் என்பது. செல்லையா கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப என்மேல தப்பில்லேங்கிற."

"இல்ல மச்சான்."

"அவமேலயும் இல்ல."

"இல்ல."

"கனம் கொறையுதுன்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் என்ன ஒக்கார வச்சு எறக்குன."

காளிமுத்து ஆமென்று தலையை ஆட்டினான். வேறு என்ன செய்வது? நீங்கள்தானே பிடிவாதம் பிடித்தீர்கள் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் இருபது வருஷமாகச் சுத்தியல் பிடித்தவன் செல்லையா இல்லை.

"சொல்லாம இருந்திருக்கலாம் நீ," என்றார் செல்லையா. குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "அந்தத் தட்ட இப்புடி நகத்து."

நகர்த்தினான். செல்லையா ஆறிய சோற்றைப் பிசைந்து, மெதுவாக, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டார். தட்டு காலியானது. தண்ணீர் குடித்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நவமணி மட்டும் வந்து பாத்துட்டுப் போகட்டும். நீ இனிமே வராத. கல்யாணத்துக்கு வேற ஆளப் பாருங்க."

திரும்புகிற பஸ்ஸில் நவமணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அண்ணன் கட்டிலருகே அவள் போனபோது அவர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் தடவிக் கொடுத்திருக்கிறார். பஸ் முதல் வளைவு ஏறும்வரை பொறுத்தாள்.

"அண்ணன் ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"சாப்புட்டாரு."

"அதக் கேக்கல."

"சோறு முழுக்கச் சாப்புட்டாரு," என்றான் காளிமுத்து.

அவள் அவனையே பார்த்தாள். புரிந்துவிட்டது என்பது, மடியில் வைத்திருந்த பையை அவள் இறுக்கிப் பிடித்ததிலிருந்து தெரிந்தது. அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தான். அதுவும் இல்லை. மூங்கில் புதர்களும் மூடுபனியும் ஜன்னலில் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ரிங்லெட் கடைகள் தெரிய ஆரம்பித்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"சித்தப்பா மவன் ஒருத்தன் ரவாங்குல இருக்கான். முறைக்கு அவனும் மாமன்தான். ஆள் அனுப்பிக் கேக்கலாம்."

"கேக்கலாம்."

"நம்ம பிள்ளயப் பாத்ததுகூட இல்ல அவன்." பஸ் நின்றது. நவமணி எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "அம்சவல்லிகிட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்குச் சொல்ல வராது."

இறங்கி, அவனுக்காக நிற்காமல் முன்னால் நடந்தாள்.